தூங்குகிறவர்களுக்கு மனு இல்லை

எங்கள் கிளைச் சிறையில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று டீக்கடையில் கேலி பேசுகிறார்கள். பேசுகிறவர்களை ஒரு நாள் உள்ளே கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். உள்ளே நாற்பது பெண்கள் இருக்கிறார்கள். ஈதான் இல்லை.

நான் ஜெபமணி. வேம்பாறை பெண்கள் கிளைச் சிறையில் தலைமைக் காவலர், ஊருக்கு ஏட்டம்மா. எனக்கு வாய் நீளம், பொறுமை ரொம்பக் கட்டை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அந்தக் கட்டடத்தில் எப்படிக் காலம் தள்ளினேன் என்றால், அங்கே சத்தம் இருந்தது, நானும் சேர்ந்து கத்திக்கொண்டு தள்ளிவிட்டேன்.

வெளியில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இருப்பவர்கள் யாரும் தண்டனைக் கைதிகள் இல்லை. தண்டனை விழுந்தவர்கள் மத்தியச் சிறைக்குப் போய்விடுவார்கள். எங்களிடம் வருவது ரிமாண்டு. வழக்கு நடக்கும், அல்லது நடக்காது. வாய்தா தள்ளிப்போகும். ஜாமீன் கிடைத்தாலும் ஜாமீன் நிற்க ஆள் கிடைக்காது. காத்திருப்பதுதான் அங்கே வேலை. பத்துப் பேருக்குக் கட்டின கூடத்தில் நாற்பது பேர், ஒரே குளியலறை, காவலுக்கு மூன்று பேர். காலையில் வாளிக்குச் சண்டை, மதியம் குழம்புக்குச் சண்டை, சாயங்காலம் ஆறு மணிக்கு லாக்கப் ஆனதும் அழுகை. யாராவது இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடக்க ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏய், உக்காருடி. நடந்தா மட்டும் கதவு தொறந்துருமா?" என்பேன்.

ஒரு கோடையில் நிறைமாசக்காரி ஒருத்தி குளியலறை வரிசையில் மயங்கி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. விசாரணை வந்தது, பேப்பரில் வந்தது, சிறையை மூடிவிடுகிறோம் என்றார்கள். மூடினால் எங்கள் ஊர்ப் பெண்களை எங்கோ தூரத்து ஜில்லாவில் கொண்டுபோய் வைப்பார்கள். பார்க்கப் போகிறவர்கள் ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டுப் பஸ் ஏற வேண்டும். நல்ல வேளை, மூடவில்லை. அதற்குப் பதிலாக உறக்கத் திட்டம் வந்தது.

கூடத்தை இடித்துக் குளிர்சாதனம் போட்டு, ரயில் பெர்த் மாதிரி அடுக்கடுக்காகப் படுக்கைகள் வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி மூடி. அவற்றைப் பார்த்துக்கொள்ள ரெஹானா என்று ஒரு டெக்னீஷியன் பெண் வந்தாள். முதல் நாளே அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"உள்ள போட்டு என்னம்மா பண்றீங்க?"

"உடம்ப நிறுத்தலக்கா, ரொம்ப மெதுவாக்குறோம். நமக்கு ஒரு வருஷம் போச்சுன்னா அவங்களுக்கு ஒரு ராத்திரி போன மாதிரி. நகம்கூட வளராது. பசி கிடையாது, சண்டை கிடையாது. கேசு முடிஞ்சதும் எழுப்பிவிட்டா, நேத்துத்தான் படுத்தோம்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவாங்க."

"எனக்கும் ஒண்ணு போட்டுவிடேன், ரிட்டயர்மெண்ட் வரைக்கும்."

"நீங்க தூங்கிட்டா இவங்களுக்கு யாருக்கா காவல்?" என்று சிரித்தாள்.

கட்டாயம் எதுவும் கிடையாது. கைதி சம்மதித்தால்தான். சம்மதம் பதினைந்து நாளைக்கு. ரிமாண்டு நீட்டிப்பும் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான், கணக்குச் சரியாக வரும். கைதி மறுப்பு சொல்லாதவரை சம்மதம் தானாக நீளும் என்று சுற்றறிக்கையில் இருந்தது. தூங்குகிறவள் எப்படி மறுப்பு சொல்லுவாள் என்று உதவி ஜெயிலர் திருமேனியிடம் கேட்டேன். "நல்ல கேள்வி ஏட்டம்மா," என்றார். அதோடு சரி.

செல்லக்கனி வந்தது திட்டம் தொடங்கின புதிதில். பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் பழையபடி நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள். செல்லக்கனி ஒரு டீச்சர் வீட்டில் வேலை பார்த்தவள். அந்த வீட்டில் செயின் காணவில்லை என்று பிடித்து வந்துவிட்டார்கள். புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போயிருந்தான். இடுப்பில் எட்டு மாசப் பெண் குழந்தை, ஆதிரை என்று பெயர். கைக்குழந்தையை உள்ளே வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் அந்தப் புழுக்கத்தில் பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. கண் உள்ளே போய்விட்டது. செல்லக்கனி தன் அக்கா பொன்ராணியை வரவழைத்துப் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டாள். கொடுத்துவிட்டுப் பால் கட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். மறுநாள் தூங்கச் சம்மதம் கேட்டு அவளே வந்தாள்.

"ஏட்டம்மா, பதினஞ்சு நாள்தானே? தூங்கி எந்திரிச்சா வெளிய போயிருவேன்ல?"

"போயிருவடி," என்றேன். நான் மட்டும் என்னத்தைக் கண்டேன்.

மூடியை இறக்கப் போகையில் என் கையை எட்டிப் பிடித்தாள். "முழிச்சதும் மொதல்ல பிள்ளையக் கொண்டாரச் சொல்லிருங்க. நெஞ்செல்லாம் கல்லா இருக்கு," என்றாள். சரி சரி என்று கையை உள்ளே எடுத்து வைத்தேன்.

ரிமாண்டு நீட்டிப்பு திரையில் நடக்கும். மாஜிஸ்திரேட் அங்கே நீதிமன்றத்தில் இருப்பார்; நான் இங்கே கேமராவைத் தள்ளுவண்டியில் வைத்துப் படுக்கை படுக்கையாக உருட்டிக்கொண்டு போவேன். ஒவ்வொரு பெயராகப் படித்து, "குறை ஏதும் உண்டா?" என்று கேட்பார். சட்டப்படி கேட்டாக வேண்டும். "இல்லீங்கய்யா," என்று நான் சொல்வேன். கைதிகள் விழித்திருந்த காலத்திலும் முக்கால்வாசி நேரம் அப்படித்தான். அவர்கள் வாய் திறப்பதற்குள் பின்னால் நிற்கிற காவலர் சொல்லிவிடுவார். இல்லாவிட்டால் சாயங்காலம் வரை முடியாது. எங்கள் சிறையில் அது ஒரு நடைமுறையாகவே போய்விட்டது. வாய்க்குப் பழகிவிட்டால் எதுவும் உறைக்காது.

பிறகு மனுவை நிறுத்தினார்கள். சிறையில் ஆளைப் பார்க்க வருவதற்கு எங்கள் பேச்சில் மனு என்று பெயர். 'உறக்கத்தில் உள்ளவர்களுக்கு மனு இல்லை' என்று வாசலில் பலகை மாட்டினார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. தூங்குகிறவளை வந்து பார்த்து என்ன பேச? ஆனால் மனு நாளில்தான் வெளியுலகம் உள்ளே வரும். வக்கீல் மாறியது, எதிராளி சமரசத்துக்கு வந்தது, ஜாமீனுக்கு ஆள் கிடைத்தது எல்லாம் அந்தக் கம்பி வலை வழியாகத்தான் வரும். உள்ளே இருப்பவள் அதைப் பிடித்துக்கொண்டு எங்களைப் படுத்தி எடுப்பாள். "சார்கிட்டச் சொன்னீங்களா, கோர்ட்டுல கேட்டீங்களா" என்று உயிரை வாங்குவாள். அந்த நச்சரிப்பில்தான் வழக்கே நகரும். எல்லாரும் தூங்கிவிட்டதும் நச்சரிக்க ஆள் இல்லை. நச்சரிப்பு இல்லாததால் யாருக்கும் அவசரமும் இல்லை.

குறித்த காலத்துக்குள் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால் ஜாமீன் கொடுத்தாக வேண்டும் என்று ஒரு வக்கீல் வந்து வாதாடினார். தூங்கின நாளைச் சிறை நாளாக எடுத்துக்கொள்ள முடியாது, அவர்கள் எதையும் அனுபவிக்கவில்லையே என்று எதிர்த்தரப்பு சொன்னது. அந்த வாதம் மேல்கோர்ட்டுக்குப் போய் அங்கேயே நிற்கிறது.

எனக்குத் தூக்கம் போனது அப்போதிருந்துதான். வீட்டில் படுத்தால் கண் மூடாது. டியூட்டியில் நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் நிற்காது. எழுந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். "ஏட்டம்மா, உக்காருங்களேன், தலை சுத்துது," என்பார் திருமேனி. நான் மற்றவர்களைச் சொன்ன வாய்க்கு எனக்கு நன்றாக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மிளகாய் திரிக்க மாவு மில்லுக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் பொன்ராணி நின்றாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை தும்மிக்கொண்டிருந்தது.

"ஏட்டம்மா, என் தங்கச்சி எப்படி இருக்கா?"

"தூங்குறா."

"எப்பத்தான் விடுவீங்க? அதான் செயின் கெடைச்சிருச்சே, இன்னமும் எதுக்கு வச்சிருக்கீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எந்தச் செயினு?"

"டீச்சரம்மா செயினுதான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சோபாவ நகத்தி, துணி மாத்தப் பிரிச்சிருக்காங்க. பலகைக்கும் துணிக்கும் நடுவுல கெடந்திருக்கு. அந்தம்மாவே வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதுட்டுப் போச்சு. ஸ்டேஷன்லயும் சொல்லிட்டாங்க. ஸ்டேஷன்காரங்க கோர்ட்டுல சொல்லிக்கிறோம்னாங்களாம். ஊருக்கே தெரியுமே."

"எங்களுக்குத் தெரியாது."

"சொல்லத்தான் ஓடியாந்தேன். மனு இல்லன்னு வாசல்லயே அனுப்பிட்டாங்க. சரி, கோர்ட்டுலருந்து சேதி வந்திருக்கும், வேற ஏதோ காரணத்துல நிக்குது போலன்னு இருந்துட்டேன்."

பொங்கல் போய் ஆடி வந்துவிட்டது. குழந்தை அவள் முழங்காலை முட்டி, "ம்மா, வீட்டுக்குப் போலாம்," என்றது. "இவதான் ஆதிரை. என்னையத்தான் அம்மாங்குறா. என்ன செய்ய?" என்றாள் பொன்ராணி. என் மிளகாயை மில்லிலேயே வைத்துவிட்டுச் சிறைக்கு நடந்தேன்.

திருமேனி கெட்டவர் இல்லை. சொன்னதும் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

"கோர்ட்டு உத்தரவு இல்லாம மூடியத் தொட முடியாது. சட்ட உதவி வக்கீலுக்கு எழுதுவோம். அவர் மனுத் தாக்கல் பண்ணட்டும். மெதுவா நடக்கும், ஆனா நடக்கும்."

"செயினே கெடைச்சிருச்சு சார். இன்னும் என்ன மெதுவா?"

"அவளுக்கு வலிக்கவா செய்யுது ஏட்டம்மா? ஒரு ராத்திரிதான் அவளுக்கு. ஒரு மாசம் முன்னப் பின்ன ஆனா என்ன?"

"பிள்ள தும்முது சார். நடக்குது, பேசுது. அதுக்கு ஒரு ராத்திரியா?"

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஒருத்திய எழுப்புனா மத்தவங்க வீட்டுலருந்தும் வருவாங்க. எல்லாரும் முழிச்சா எங்க வைக்க? யாரு பாத்துக்க? அந்தக் குளியலறை வரிசை உங்களுக்கு மறந்துபோச்சா? அந்தப் பொண்ணத் தூக்கிட்டு ஓடுனதே நீங்கதான்."

மறக்கவில்லை. ரத்தம் என் யூனிபார்மில்தான் ஊறியது. அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. வெளியே வந்து செல்லக்கனியின் மூடி முன்னால் நின்றேன். நெற்றியில் ஒட்டின முடிகூட அப்படியே இருந்தது.

அந்த வாரமே ரிமாண்டு நாள் வந்தது. வண்டியை உருட்டினேன். பெயர், குறை உண்டா, இல்லீங்கய்யா. பெயர், குறை உண்டா, இல்லீங்கய்யா. கைப்பிடி வேர்வையில் வழுக்கியது. திருமேனி பக்கத்தில் நின்றார்.

"செல்லக்கனி, தகப்பன் பெயர் சுடலைமுத்து. குறை ஏதும் உண்டா?"

"இருக்குங்கய்யா."

மாஜிஸ்திரேட் அடுத்த பெயரைப் பாதி படித்துவிட்டார். நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் திரையைப் பார்த்தார்.

"யாரு பேசுறது?"

"தலைமைக் காவலர் ஜெபமணிங்கய்யா."

"குறை கைதிக்கா, உங்களுக்கா?"

திருமேனி என் முழங்கையைக் கிள்ளினார். நான் நிறுத்தவில்லை. "அவ தூங்குறாங்கய்யா. இவ்வளவு நாளா இல்லைன்னு சொன்னதும் என் வாய்தான். அப்பல்லாம் யாரோட குறைன்னு நீங்க கேக்கலீங்களே."

கோர்ட்டில் யாரோ இருமினார்கள். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மாஜிஸ்திரேட் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "சொல்லுங்க," என்றார். செயின் விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் பெயரைச் சொன்னேன்.

"இவங்க கடைசியா எப்ப முழிச்சிருந்தாங்க?"

திருமேனிதான் பதில் சொன்னார். "ஒன்றரை வருஷம் ஆச்சுங்கய்யா."

"பதினஞ்சு நாளைக்கு ஒருதடவ நான் இவங்ககிட்டயா கேட்டுக்கிட்டு இருந்தேன்?" என்றார் மாஜிஸ்திரேட், யாரையும் பார்க்காமல். பிறகு, "திங்கக்கிழமை எழுப்பி நேர்ல ஆஜர்படுத்துங்க. புகார் கொடுத்தவங்களுக்கும் சம்மன் போகட்டும்," என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததுமே ரெஹானா வந்துவிட்டாள். மூடி திறந்து கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு செல்லக்கனி இமையை அசைத்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"விடிஞ்சிருச்சா ஏட்டம்மா?"

"விடிஞ்சிருச்சு."

"பிள்ளையக் கொண்டாரச் சொன்னீங்களா? நெஞ்சு வலி உசிரு போகுது."

அவள் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து, பால் இடுப்புவரை வழிந்தது. நகம்கூட வளராது என்று சொன்னபோது இதை நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அவள் உடம்புக்கு நேற்றுத்தான் பிள்ளையைக் கொடுத்தது. ரெஹானா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இருந்தபடி சொன்னேன். முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்து என் கையில் அடித்தாள். பிறகு ரெஹானாவின் முகத்தைப் பார்த்தாள்.

மனு அறையை நானே திறந்தேன். பலகையைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். பொன்ராணி குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். செல்லக்கனி தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை பொன்ராணியின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"ம்மா, இந்த அக்கா ஏன் அழுவுது?"

பொன்ராணி வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மாடி, இதுதான்..." என்று தொடங்கினவளைச் செல்லக்கனி கைகாட்டி நிறுத்திவிட்டாள். குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பல்லு எல்லாம் மொளச்சிருச்சுக்கா," என்றாள்.

மதியம் நீதிமன்றத்தில் டீச்சர் செயினோடு வந்து நின்றார். அவரும் அழுதார். சொந்த ஜாமீனில் உடனே விடச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டார். அதன்பின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. உத்தரவு சிறைக்கு வந்து சேர்ந்தபோது லாக்கப் முடிந்திருந்தது. லாக்கப் முடிந்தால் விடுதலை கிடையாது, மறுநாள் காலையில்தான். அது என்றைக்கும் உள்ள விதி, யாருக்காகவும் மாறினதில்லை.

திருமேனி தயங்கிக்கொண்டே வந்தார். "இன்னும் ஒரு ராத்திரிதான்மா. முழிச்சிருக்கவங்களுக்கு இப்ப இங்க இடமும் இல்ல, சாப்பாடும் இல்ல. படுக்கையிலயே படுத்துக்க. உனக்குத் தெரியவே தெரியாது, காலையில எழுப்பிவிட்டுருவோம்."

செல்லக்கனி அன்று முழுக்கக் குரலை உயர்த்தவில்லை. அப்போதும் உயர்த்தவில்லை.

"வேண்டாங்கய்யா. என் பிள்ளைக்கு ஒன்றரை வயசு கூடிப்போச்சு, எனக்கு ஒரு நாள்கூடக் கூடல. இந்த ஒரு ராத்திரியாவது எனக்கும் வயசாகட்டும்."

அவர் தன் டிபன் பாத்திரத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "குழம்புல உப்பே இல்லைங்கய்யா," என்றாள். எத்தனை நாளாயிற்று, அந்தக் கட்டடத்தில் ஒருத்தி வாய் திறந்து ஒரு குறை சொல்லி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வெளியே வந்ததும் திருமேனி தன் போனை என்னிடம் நீட்டினார். "தலைமையகத்துலருந்து வந்திருக்கு. அன்னைக்கு நடந்ததுக்குப் பதில் நடவடிக்கையாம். அடுத்த ரிமாண்டுலருந்து ஊழியர்கள் யாரும் கைதி சார்பாப் பேசக்கூடாது. எல்லாச் சிறையிலயும் பதிவு பண்ணின குரலே பதில் சொல்லிரும்."

விரலால் தொட்டார். "இல்லீங்கய்யா," என்றது போன்.

கூடத்துக்குள்ளிருந்து செல்லக்கனி எட்டிப் பார்த்தாள். "என்ன ஏட்டம்மா, கூப்பிட்டீங்களா? உங்க குரலு மாதிரி இருந்துச்சு."

என் குரல்தான். பழைய பதிவுகளில் அதிகமாகக் கிடைத்தது அதுதானாம். தெளிவாக இருக்கிறதாம். திருமேனி போனைப் பையில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி அறைக்குப் போனார்.

செல்லக்கனி நடக்க ஆரம்பித்தாள். இந்தச் சுவர்வரைக்கும் போய், திரும்பி, அந்தச் சுவர்வரைக்கும் வந்தாள். நான் உட்காரச் சொல்லவில்லை. என் காலும் நிற்கவில்லை, நானும் கூடவே நடந்தேன். நாலாவது நடையில் அவள் ஒரு படுக்கையின் முன்னால் நின்று, கண்ணாடியைத் துடைத்து, உள்ளே இருந்த முகத்தைப் பார்த்தாள்.

"இவளுக்கு என்ன குறை ஏட்டம்மா?"

"தெரியல," என்றேன்.

அவள் அடுத்த படுக்கைக்குப் போய்க் கண்ணாடியைத் துடைத்தாள்.

"இவளுக்கு?"

"தெரியல."

கடைசிப் படுக்கைவரை ஒன்றைக்கூட அவள் விடவில்லை. ஒவ்வொன்றிலும் என் வாயால் அதையே சொல்லவைத்தாள்.